கேள்வி–பதில்: ஊர்க் காவலரைக் காத்தது யார்?

சென்ற இதழின் இப்பகுதியில், யூதர்களின் பழைய சட்ட, உரைத் தொகுப்பான தல்மூதின் இரு வடிவங்களில் ஒன்றான எருசலேம் தல்மூதில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருந்தேன். மூன்றாம் நூற்றாண்டில் யூதர்களின் தலைவராக இருந்த ரபி (யூத சமய அறிஞர்) யெகுதா நெசியா, ஊர்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவர மூன்று அறிஞர்களை அனுப்பினார். ஆசிரியரே இல்லாத ஓர் ஊரில் அவர்கள், "ஊர்க் காவலரை அழைத்து வாருங்கள்" என்றார்கள். ஊரார் காவற்படையினரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, இவர்கள் காவலர் அல்லர், பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரே ஊரின் காவலர் என்று அந்த அறிஞர்கள் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே ஐயம் இருந்தது. காவலர் என்று பெயர் சூட்டியது இருக்கட்டும், கெட்ட காலத்தில் அந்தக் காவலரைக் காத்தது யார்? கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: யூத மரபில் ஆசிரியருக்குக் கிடைத்தது வாய்வழி மரியாதை மட்டும்தானா, நடைமுறையில் ஏதேனும் ஏற்பாடு இருந்ததா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

பதில்: ஏற்பாடு இருந்தது, எண்ணிக்கை வகுத்துச் சொன்ன ஏற்பாடாகவே இருந்தது. பாபிலோனியத் தல்மூத் சொல்லும் வரலாற்றின்படி, தொடக்கத்தில் தந்தைதான் பிள்ளைக்குக் கற்பித்தார். தந்தையை இழந்த பிள்ளை கல்லாமலே வளர்ந்தது. பிறகு எருசலேமிலும், அதன்பின் வட்டாரந்தோறும் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆனால் வட்டாரப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் பதினாறு, பதினேழு வயது இளைஞர்கள் என்பதால், ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அவரை எதிர்த்துவிட்டு வெளியேறினார்கள். (தலைமையாசிரியராக இருந்த தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.) கி.பி. 60களில் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா என்பவர்தான் ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு அல்லது ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவா என்ற அறிஞர் அதற்கு அளவு வகுத்தார். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 50 பேர் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 40 பேர் இருந்தால் ஓர் உதவியாளரை அமர்த்த வேண்டும், அந்தச் செலவுக்கு ஊர் துணை நிற்க வேண்டும்.

அந்த 40 என்ற எண்ணிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். இரண்டாவது ஆசிரியரை அமர்த்தும் அளவுக்குக் கூட்டம் சேரவில்லை, ஒருவர் தனியே சுமக்கும் அளவையும் தாண்டிவிட்டது என்ற இடைநிலை அது. எல்லாக் காலத்திலும் ஆசிரியர்கள் களைத்துப்போகும் இடமும் அதுவே. அவ்விடத்தில் ராவா ஆசிரியரிடம் பொறுமையைக் கேட்கவில்லை. வகுப்பறைக்குள் இன்னொரு பெரியவரை அனுப்பிவிட்டு, கணக்கை ஊராரிடம் நீட்டுகிறார்.

ஊதியத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மோசே கூலி பெறாமல் கற்பித்ததால் தோரா என்ற வேதத்தைக் கற்பிப்பவரும் கூலி பெறலாகாது என்பது கோட்பாடு. அப்படியானால் ஆசிரியர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கான கூலி என்று பெறலாம் என்றார் ஒருவர். வேதத்தைப் பதம் பிரித்து இராகத்தோடு வாசிக்கப் பழக்குவதற்கான கூலி என்றார் இன்னொருவர். வேறு தொழிலுக்குப் போகாமல் இழந்த பொழுதுக்கான ஈடு என்ற விளக்கமும் சட்ட மரபில் இடம்பெற்றது. கல்விக்கு விலை வைக்க மறுத்தவர்கள் ஆசிரியரின் பொழுதுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதை, நான் இம்மரபின் மிக நேர்மையான இடங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

ஏட்டில் இருந்ததெல்லாம் நாட்டில் நடந்தது என்று சொல்ல வரவில்லை. கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் சிறுவர்களுக்குக் கற்பித்த 'மெலமெட்' பெரும்பாலும் வறியவர். தம் வீட்டின் ஓர் அறையையே பள்ளியாக வைத்திருந்தவர். 'ஹெடர்' என்ற அந்தப் பள்ளியின் பெயருக்கே 'அறை' என்றுதான் பொருள். அரையாண்டுக்கு ஒருமுறை பருவம் முடியும்போது, அடுத்த பருவத்துக்குப் பிள்ளைகளைத் தேடிப் பெற்றோரின் வாசலில் அவர் நிற்க வேண்டியிருந்தது. ஊர்க் காவலர் என்று தல்மூத் போற்றியவரை, வேறு எதற்கும் உதவாதவன்தான் மெலமெட் ஆவான் என்று ஊர் கேலி செய்தது. இருந்தாலும் ராவா சொன்ன உதவியாளர் அங்கும் தொடர்ந்தார். 'பெல்ஃபர்' என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞரின் வேலைகளில் ஒன்று, காலையில் வீடு வீடாகச் சென்று சின்னஞ்சிறு பிள்ளைகளை அழைத்துவருவது. சேறும் பனியும் மிகுந்த நாட்களில் அவர்களைத் தோளில் சுமந்து வருவது.

கேள்வி: சோதனைக் காலத்தில் ஆசிரியர் தம்மை வருத்திக்கொண்டு கற்பிப்பதுதானே உயர்வு?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: யூதச் சட்ட மரபு அப்படி நினைக்கவில்லை. தல்மூத் காலத்து அறிஞர் ரபி யோகனான் ஓர் ஊருக்குச் சென்றபோது அங்கிருந்த பள்ளி ஆசிரியர் சோர்ந்திருப்பதைக் கண்டார். அவர் நோன்பு இருக்கிறார் என்று காரணம் சொன்னார்கள். மனிதனிடம் கூலிக்கு வேலை செய்பவனே வேலை கெடும்படி நோன்பு இருக்கக் கூடாது என்றால், இறைவனின் வேலையைச் செய்பவர் எப்படி இருக்கலாம் என்று கேட்டு யோகனான் அதைத் தடுத்தார். ஆசிரியர் இரவில் அளவுக்கு மேல் கண்விழிக்கக் கூடாது, உணவைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டின் சட்ட நூல்கள் வரை இக்கருத்து வந்து சேர்ந்திருக்கிறது. விடிய விடிய விடைத்தாள் திருத்துபவரைத் தியாகி என்று புகழும் நமக்கு இது சற்று உறுத்தலாம்.

கேள்வி: நாஜி ஆட்சியின்போது யூத ஆசிரியர்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தார்கள்? அவர்களுக்கு வெளியிலிருந்து உதவி கிடைத்ததா?
— வரலாற்று ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: இதைச் செருமனி, போலந்தின் தலைநகர் வார்சா என்று இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்கலாம், இரண்டின் கொடுமையும் ஒரே அளவினது அன்று, உதவியின் தன்மையும் ஒன்றன்று.

1933 ஏப்ரல் 7 அன்று வந்த அரசுப் பணியாளர் சட்டம் யூத ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது; ஏப்ரல் 25 அன்று வந்த இன்னொரு சட்டம், புதிதாகச் சேரும் மாணவரில் யூதர் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அதுவரை செருமானிய யூதப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொதுப் பள்ளிகளில்தான் படித்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் துரத்தப்பட்டு யூதப் பள்ளிகளில் வந்து சேர்ந்தபோது, ஒரு விசித்திரமான நெருக்கடி உண்டாயிற்று. கணிதமும் இலக்கியமும் திறம்படக் கற்பித்துப் பழகியிருந்த அந்த ஆசிரியர்களில் பலருக்கு எபிரேய எழுத்துகூடத் தெரியாது. எந்த அடையாளத்துக்காகத் துரத்தப்பட்டார்களோ, அதைப் பற்றியே அவர்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் இவ்விடத்தில்தான் வருகிறார். ரபி லியோ பெக் தலைமையிலான செருமானிய யூதர்களின் பொது அமைப்பின் கீழ், வயதுவந்தோர் கல்விக்கென ஒரு நடுவம் 1934இல் அமைக்கப்பட்டு, அதன் பொறுப்பு பூபரிடம் வந்தது. பாலஸ்தீனத்தில் குடியேறியிருந்த எர்ன்ஸ்ட் சிமோன் அவருக்குத் துணையாகத் திரும்பி வந்தார். பாடத்திட்டம் அச்சடித்து அனுப்பிவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ஆசிரியர்களையும் இளைஞர் தலைவர்களையும் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கவைத்து, வேதத்தின் ஒரு பகுதியைச் சேர்ந்து வாசித்து, சேர்ந்து உண்டு, பேசிப் பிரியச் செய்தார்கள். 'கற்கும் காலம்' என்ற பொருள்படும் பெயர் அக்கூடுகைகளுக்கு வழங்கியது. என் கருத்தில் இதன் பயன் இரண்டு வகையானது: கற்பிக்க வேண்டியதை ஆசிரியர் தாமே மாணவராக அமர்ந்து கற்றார், தம் ஊரில் தனித்து நின்றவர், தம்மைப் போல் அஞ்சியிருக்கும் இருபது முப்பது பேரின் முகங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். பூபர் பொதுமேடையில் பேசுவதற்கு 1935இல் தடை வந்தது. 1938 மார்ச்சில் அவர் எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 15 முதல் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டார்கள். 1942 கோடையில் யூதப் பள்ளிகளும் மூடப்பட்டன.

வார்சாவில் கூடுகைக்கெல்லாம் இடமே இல்லை. ஆக்கிரமிப்பாளர்கள் யூதப் பள்ளிகளை மூடியிருந்தார்கள். யூதர்களை அடைத்துவைத்த 'கெட்டோ' என்ற பகுதியின் வாயில்கள் 1940 நவம்பரில் அடைக்கப்பட்டன. அங்கே கல்வி ஒளிந்துகொண்ட இடங்களில் முக்கியமானது, பிள்ளைகளுக்கான கஞ்சித்தொட்டி. அறக்கட்டளைகளின் பணத்தில் நடந்த அச்சமையற்கூடங்களில் ஆசிரியர்கள் பணியாளர்களாக அமர்த்தப்பட்டு, பிள்ளைகள் உண்ண வந்து அமரும் நேரத்தில் எழுத்தும் கணக்கும் பாட்டும் கற்பித்தார்கள். கிண்ணத்தில் ஊற்றப்பட்ட நீர்த்த கஞ்சி பாடம் நடப்பதை மறைத்தது. ஆசிரியருக்கும் அந்த வேலைதான் ஒரு பிழைப்பாக இருந்தது. 1941 இலையுதிர் காலத்தில்தான் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த கோடையில் பிள்ளைகளையே கொலை முகாமுக்கு இரயிலேற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நொவொலிப்கி தெரு 68ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய பள்ளியின் இஸ்ரயேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளும் கெட்டோவின் வாழ்வைப் பதிவுசெய்யத் திரட்டிய இரகசிய ஆவணங்களை மறைத்துவைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1942 ஆகஸ்டு தொடக்கத்தில், நாடுகடத்தல் உச்சத்தில் இருந்த நாட்களில், அவரும் அவருடைய முன்னாள் மாணவர்கள் இருவரும் அப்பள்ளியின் நிலவறையில் பத்து உலோகப் பெட்டிகளைப் புதைத்தார்கள். மூவரும் உயிர்பிழைக்கவில்லை, பெட்டிகள் 1946 செப்டம்பரில் தோண்டியெடுக்கப்பட்டன. ரிங்கல்புளுமும் வார்சாவின் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்தவரே.

வெளியிலிருந்து கிடைத்த உதவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க யூதர்களின் கூட்டு நிவாரண அமைப்பின் பணம் வார்சாவின் சமையற்கூடங்கள் வரை வந்தது. அது போதவில்லை என்பதை அக்காலத்தின் சாவுக் கணக்கே சொல்லிவிடும்.

கேள்வி: சோவியத் ஒன்றியத்தில் எபிரேயம் கற்பித்ததற்காகச் சிறைக்குப் போனார்கள் என்பது உண்மையா?
— வாசகர், சென்னை

பதில்: உண்மை, ஆனால் குற்றப்பத்திரிகையில் பெரும்பாலும் வேறு பெயர் இருக்கும். வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கு விண்ணப்பித்ததால் வேலை இழந்த யோசேப் பெகுன், எபிரேயம் கற்பித்து வாழ்ந்தார். அதைத் தொழிலாகப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். பிறகு, தொழில் இல்லாத 'ஒட்டுண்ணி' என்று அவர்மீதே வழக்குத் தொடுத்து 1977இல் தொலைதூரச் சைபீரியாவுக்குத் தண்டனையாக அனுப்பினார்கள். யூலி எடெல்ஸ்டைன் என்ற இளம் ஆசிரியர் 1984இல் கைதானபோது சாட்டப்பட்டது போதைப்பொருள் குற்றம். அவர் பின்னாளில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் அவைத்தலைவரானார். இழந்த பொழுதுக்கு ஈடு தரலாம் என்று சட்ட நூல் சொன்னதையும், ஆசிரியரின் பொழுதே குற்றமானதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 2023 அக்டோபர் 7க்குப் பிறகு இஸ்ரேலில் ஆசிரியர்களுக்கு என்ன வகையான ஆதரவு தரப்பட்டது?
— மனநல ஆலோசகர், சேலம்

பதில்: ஹமாஸ் இஸ்ரேலின் தெற்கைத் தாக்கிய அன்று சனிக்கிழமை, விழா நாளும்கூட. அதைத் தொடர்ந்த வாரங்களில் தெற்கிலும் வடக்கிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, எய்லாட்டிலும் சாக்கடல் கரையிலும் இருந்த தங்கும் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதிகளில் தற்காலிக வகுப்புகள் தொடங்கின. அவ்வகுப்புகளை எடுத்தவர்களில் பலர் அதே விடுதியின் வேறொரு மாடியில் பெட்டி படுக்கையோடு தங்கியிருந்தவர்கள். வேறு பலரின் கணவரோ மகனோ சேமப்படைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வேண்டியவரும் ஆறுதல் தேவைப்பட்டவரும் ஒருவரே என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஊர் ஒன்று உண்டு. லெபனான் எல்லையை ஒட்டிய கிரியாத் ஷ்மோனாவில், ஏவுகணைத் தாக்குதல்களின் நடுவே 1980களின் தொடக்கத்தில் முலி லஹாத் என்ற உளவியலாளர் ஒரு நெருக்கடித் தடுப்பு மையத்தை உருவாக்கினார். மனிதர் நெருக்கடியைக் கடக்கும் வழிகளை அவர் நம்பிக்கை, உணர்ச்சி, உறவு, கற்பனை, அறிவு, உடல் என ஆறாகப் பிரித்தார். ஒருவர் அழுது தணிவார். ஒருவர் செய்திகளைத் திரட்டித் தெளிவார். இன்னொருவருக்கு நடந்தாலோ பெருக்கித் துடைத்தாலோதான் மூச்சு வரும். தம்முடைய வழி எது என்று ஆசிரியர் அறிந்தால், அழாத பிள்ளையைக் கல்நெஞ்சு என்றோ ஓடியாடும் பிள்ளையை அடங்காதவன் என்றோ தவறாகக் கணிக்க மாட்டார். தங்கள் தொழிலுக்கு இது புதிதாக இருக்காது. 2023இல் கிரியாத் ஷ்மோனாவே காலி செய்யப்பட்டது.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி வந்தவுடன் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவது எல்லா நாட்டு நிர்வாகங்களுக்கும் பிடித்த வேலை. நாள் முழுவதும் வகுப்பெடுத்துக் களைத்தவரை மாலையில் மூன்று மணிநேரம் அமரவைத்து மன அழுத்தம் பற்றிப் பாடம் எடுத்தால், அது ராவா சொன்ன நாற்பதை நாற்பத்தைந்தாக்குவதுதான். இஸ்ரேலிலேயே இதற்கு மாறான ஓர் ஏற்பாடு அமைதிக் காலத்திலிருந்து இருக்கிறது. ஆசிரியர் தம் சம்பளத்தில் 4.2 விழுக்காட்டையும், நிர்வாகம் 8.4 விழுக்காட்டையும் ஒரு நிதியில் செலுத்துகின்றன. ஆறாண்டு சேர்ந்தபின் ஏழாம் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தோடு விடுப்பு எடுத்துப் படிக்கலாம். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற வேதக் கட்டளையின் பெயரே இவ்விடுப்புக்கும் வழங்குகிறது. எனக்குத் தெரிந்தவரையில், களைப்பு வருமுன் அதற்குப் பணம் ஒதுக்கிவைத்த ஏற்பாடு இது ஒன்றுதான்.

கேள்வி: யூத ஆசிரியர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள். காசாவின் ஆசிரியர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: தெரிகிறார்கள். அதே அக்டோபர் முதல் காசாவில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் முறையான பள்ளியை இழந்தார்கள். பள்ளிக் கட்டடங்கள் அகதி முகாம்களாகி, குண்டுவீச்சுக்கும் உள்ளாயின. கூடாரங்களில் கற்பித்த ஆசிரியர்களுக்கு 40க்கு ஓர் உதவியாளர் என்ற பேச்சே எட்டாத ஒன்று. அது தனியாக, விரிவாக எழுத வேண்டிய பொருள்; இங்கே இரண்டு வரியில் அடைத்தால் அவமதிப்பாகும். இப்பகுதியின் பொருளோடு தொடும் இடத்தை மட்டும் சொல்கிறேன். 'கையோடு கை' என்று பொருள்படும் பெயர்கொண்ட யூத-அரபு இருமொழிப் பள்ளிகள் இஸ்ரேலில் 1998 முதல் நடக்கின்றன. தொடக்க வகுப்புகளில் ஒரு யூத ஆசிரியரும் ஓர் அரபு ஆசிரியரும் சேர்ந்தே கற்பிக்கிறார்கள். 2014 நவம்பரில் அவற்றுள் எருசலேம் பள்ளியின் முதலாம் வகுப்பு அறைக்கு யூதத் தீவிரவாதிகள் தீவைத்தார்கள். போர் வெடிக்கும்போது அங்கே ஒரே கரும்பலகையின் முன் நிற்கும் இருவரின் துயரமும் ஒன்றன்று. பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று பேசுமுன் அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியாக வேண்டும். அதற்கான நேரத்தை மணி அடிக்குமுன் ஒதுக்கித் தருவதுதான் நிர்வாகம் செய்யக்கூடிய பேருதவி.

கேள்வி: என் மகள் லண்டனில் ஒரு யூதப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறாள். வாசலில் எப்போதும் காவல். பிள்ளைகள் போரைப் பற்றிக் கேட்கிறார்கள். தான் யூதப் பெண் இல்லையே, எதைச் சொல்வது என்று தவிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
— தாய், கோயம்புத்தூர்

பதில்: அம்மா, முதலில் அந்தக் காவல் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2012 மார்ச் 19 அன்று பிரான்சின் துலூஸ் நகரத்து யூதப் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனில் அதற்கு முன்பே, 1994 முதல், யூதச் சமூகத்துக்கென ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை இயங்குகிறது. பள்ளிக் காவலுக்கு அரசும் பணம் தருகிறது. 2023 அக்டோபர் 13 அன்று வடக்கு லண்டனில் சில யூதப் பள்ளிகள் ஒருநாள் மூடப்பட்டன. வழியில் அடையாளம் தெரியாமலிருக்கச் சீருடை மேற்சட்டையைத் தவிர்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்ன பள்ளியும் உண்டு. தங்கள் மகளுடைய மாணவர்கள் அந்த நாட்களைக் கடந்துதான் அவருடைய வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

யூதர் அல்லாத ஆசிரியர் யூதப் பள்ளியில் இருப்பது அங்கே விதிவிலக்கன்று. பிரிட்டனின் யூதப் பள்ளிகள் பலவும் அரசு நிதியில் நடப்பவை. பொதுப் பாடங்களை எல்லாச் சமயத்தவரும் கற்பிக்கிறார்கள், சமயப் பாடத்தின் செலவுக்குப் பெற்றோர் தாமாகப் பணம் தருகிறார்கள். ஆனால் இந்தப் பிரிவினையால் ஒரு குறை உண்டாகலாம். நெருக்கடி நாளில் சமயப் பாட ஆசிரியர்கள் கூடிப் பேசிக்கொள்வார்கள். கணித ஆசிரியை தன் வகுப்பில் தனியே நிற்பார். பிள்ளையின் கேள்வியோ பாடவேளை பார்த்து வராது. ஆகவே அந்தக் கூட்டத்தில் தனக்கும் இடம் வேண்டும் என்று தங்கள் மகள் கேட்கலாம். போரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு எந்த அளவு பதில் சொல்ல வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பள்ளி எழுத்தில் தர வேண்டும் என்றும் கேட்கலாம். அமெரிக்க யூதப் பள்ளிகளில் புதிய ஆசிரியருக்கு முதல் இரண்டு ஆண்டுகள், பயிற்சி பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாக இணைக்கும் திட்டம் இருக்கிறது. அத்தகைய ஒருவர் தங்கள் மகளுக்கு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், தேநீர் இடைவேளையில் அவர் நம்பிப் பேசக்கூடிய ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

"எனக்கும் வருத்தமாக இருக்கிறது, இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவரிடம் உன்னை அழைத்துப் போகிறேன்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதில் இழுக்கில்லை. சமயம் வேறு என்பதால் அவர் வாய்மூடி இருக்க வேண்டியதும் இல்லை. வெளியே எல்லாமே கட்டுக்குலைந்து கிடக்கும் நாளில், விடை ஒன்றாகவே வரும் ஒரு சமன்பாட்டைப் பொறுமையாகப் போட்டுக் காட்டுபவரைப் பிள்ளைகள் எவ்வளவு நாடுவார்கள் என்பதை அவர் இதற்குள் கண்டிருப்பார்.

தாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வெள்ளி மாலை சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் யூதப் பள்ளிகள் பிற்பகலில் சீக்கிரமே விட்டுவிடுகின்றன. அங்கே இரண்டு மணி என்றால் கோவையில் இரவு ஏழரை. அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். வாசல் காவலைப் பற்றி விசாரிக்க வேண்டாம். இந்த வாரம் பின்னம் நடத்தினாயா, யாருக்குப் புரியவில்லை என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்லுவார்.